சோறு வேறு, பால் வேறு



உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை கடை வாசல்களில், எத்தனை வீட்டு நிலைப்படிகளின் மேல் சோற்றுக் கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது என்று எண்ணுங்கள். அதற்கு மண் இல்லை. நீர் ஊற்றுவாரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் அது வாடுவதில்லை. சில வேளைகளில் பூக்கவும் செய்கிறது. திருஷ்டி கழிய வேண்டும் என்று கட்டினார்கள். பார்ப்பவர்களோ, "காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிறதே!" என்று வியக்கிறார்கள். இத்தனை ஆற்றல் உள்ள செடி நம் தோலுக்கும் குடலுக்கும் நன்மையைத்தானே செய்யும் என்று அந்த வியப்பு வளர்ந்துவிடுகிறது.

இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுகிறவர்களை நம்பாதீர்கள். இதுவே என் கருத்து. கற்றாழை நல்லதா, கெட்டதா என்ற கேள்வியே சரியாக அமைந்த கேள்வியன்று. அதன் எந்தப் பகுதி? எந்தக் குறைக்கு? எவ்வளவு? எவரிடம் சோதித்துக் கண்டது? இந்த நான்கையும் கேட்டால்தான் விடை கிடைக்கும். கேட்காமல் விட்டால் சில வேளைகளில் உடல்நலத்தையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

ஒரே மடலில் இரண்டு பொருள்கள்

முதலில் அந்த 'காற்றைக் குடிக்கும்' மாயத்தைப் பார்ப்போம். கற்றாழை காற்றைக் குடித்து வாழ்வதில்லை. தன்னிடம் சேர்த்து வைத்த நீரைச் சிக்கனமாகச் செலவு செய்து வாழ்கிறது. அரபுத் தீபகற்பத்தின் வறண்ட நிலமே அதன் தாயகம் என்று தாவரவியலார் கருதுகின்றனர். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கின்றன. அப்போது அவற்றின் நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. கற்றாழையோ வெயில் தணிந்த இரவில்தான் துளைகளைத் திறக்கிறது. உள்ளே வந்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் சேமித்ததைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. மடலின் மேல் படிந்துள்ள தடித்த மெழுகுத் தோலும் நீரைக் காக்கிறது.

இப்போது ஒரு மடலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கண்ணாடி போன்ற கொழகொழப்பான பகுதி இருக்கும். இதைத்தான் நாம் 'சோறு' என்கிறோம். இதில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர். எஞ்சிய ஒரு விழுக்காட்டில் அசிமன்னான் போன்ற பலசர்க்கரைகள் அடங்கியுள்ளன. அவையே நீரைப் பிடித்து வைத்துக் கொழகொழப்பைத் தருகின்றன. இது செடியின் நீர்த்தொட்டி.

வெட்டிய மடலை ஒரு தம்ளரில் நிறுத்தி வையுங்கள். சற்று நேரத்தில் பச்சைத் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறச் சாறு வடியும். கடுங்கசப்பு உடையது இது. மடலைத் தின்ன வரும் விலங்கை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் என்று இதைக் கூறலாம். இந்த மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கினால் கருமையான கட்டியாகிறது. நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் விற்பது அதுவே. இதில் உள்ள முக்கியமான வேதிப்பொருளின் பெயர் அலோயின். 1851-ஆம் ஆண்டிலேயே அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, ஒரு மடலுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சோறு வேறு; பால் வேறு. 'கற்றாழை நல்லது' என்று ஒருவர் சொன்னால், இவற்றில் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பால் குடலில் என்ன செய்கிறது?

மஞ்சள் பாலுக்கு மருந்துக் குணம் உண்டு. அதில் ஐயமே இல்லை. அது ஒரு வலுவான பேதி மருந்து. அது வேலை செய்யும் முறை சுவையானது. அலோயின் வயிற்றிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாறாமல் கடந்து போகிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைக்கின்றன. உடைந்து வரும் பொருள்தான் பெருங்குடலின் சுவரைத் தூண்டி, நீரையும் உப்புகளையும் குடலுக்குள் தேங்கச் செய்து, மலத்தை இளக்கி வெளியே தள்ளுகிறது. பெருங்குடல் வரை பயணம் செய்ய வேண்டியிருப்பதால் உடனே பலன் தெரிவதில்லை. இரவில் உண்டால் காலையில் தெரியும்.

"வயிறு சுத்தமாகிறதே, நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நீருடன் சேர்ந்து பொட்டாசியமும் உடலைவிட்டு வெளியேறுகிறது என்பதை மறக்கக் கூடாது. தசைகள் சுருங்கி விரிவதற்கும், இதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கும் பொட்டாசியம் தேவை. இதய நோய்க்கு மருந்து உண்ணும் தாத்தா நாள்தோறும் பேதி மருந்தையும் சேர்த்து உண்டால் என்ன ஆகும்? கருவுற்ற பெண்ணும் சிறு குழந்தையும் இதை உட்கொள்ளக் கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவரும் உட்கொள்ளக் கூடாது. அந்த வலி குடல்வால் அழற்சியாக இருந்தால் பேதி மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அமெரிக்காவில் கற்றாழைப் பால் சேர்ந்த பேதி மருந்துகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே நெடுங்காலம் விற்கப்பட்டு வந்தன. அவை பாதுகாப்பானவை என்பதற்குச் சான்று தருமாறு அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் கேட்டது. தேவையான சான்றை எவரும் அளிக்கவில்லை. 2002-ஆம் ஆண்டில் அவ்வகை மருந்துகள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன.

இன்னொரு சான்றும் உண்டு. பாலும் சோறும் பிரிக்காத முழு மடல் சாற்றைக் குடிநீரில் கலந்து, எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. சாறு 1 விழுக்காடும் 1.5 விழுக்காடும் கலந்த நீரைக் குடித்த பெரிய எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. அதே ஆய்வில் சுண்டெலிகளுக்கு அப்படித் தோன்றவில்லை. இதையும் பிற சான்றுகளையும் ஆராய்ந்த உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது.

இதைப் படித்ததும் அஞ்சிவிடாதீர்கள். 'கூடும்' என்பது சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும் சொல். ஒரு தம்ளர் குடித்தவருக்கு எவ்வளவு ஆபத்து என்று அளந்து சொல்லும் சொல் அன்று. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கு அப்படியே நேரும் என்பதும் இல்லை. ஆனால், நாள்தோறும் வெறும் வயிற்றில் முழு மடலையும் அரைத்துக் குடிக்கச் சொல்லும் காணொளியைக் கைப்பேசியில் பார்க்கும்போது, சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க இது போதுமான காரணம்.

பாட்டி ஏன் ஏழு முறை கழுவினார்?

"எங்கள் பாட்டி காலத்திலிருந்து உண்கிறோமே, ஒன்றும் ஆகவில்லையே!" என்பார்கள் சிலர். நியாயமான வாதம்தான். ஆனால் பாட்டி எப்படி உண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அவர் தோலைச் சீவி எறிந்தார். மஞ்சள் பாலை வடியவிட்டார். சோற்றைத் துண்டு துண்டாக்கி, கசப்பும் கொழகொழப்பும் போகும் வரை ஏழு முறை நீரில் அலசினார். அதன் பிறகுதான் மோரில் கலந்தார்.

ஏழு என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. அலோயின் நீரில் கரையும். ஒவ்வொரு முறை அலசும்போதும் அது குறைந்துகொண்டே வரும். பாட்டிக்கு அலோயின் என்ற பெயர் தெரியாது. ஆனால் கசப்பு இருக்கும் வரை வயிறு போகும் என்பது தெரியும். இன்று நவீன தொழிற்சாலைகளில் கிளர்வூட்டிய கரியின் வழியே சாற்றை வடிகட்டி இதே வேலையைச் செய்கிறார்கள். குடிப்பதற்கான சாற்றில் அலோயின் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகக் கற்றாழைத் தொழில் அமைப்பு வரையறுத்துள்ளது. முன்னோர் வழக்கமும் அறிவியலும் இங்கே ஒன்றையேதான் சொல்கின்றன. 'இயற்கை' என்ற பெயரில் அலசுவதை விட்டுவிட்டு முழு மடலையும் அரைக்கும் புதுப் பழக்கம் இரண்டுக்குமே பொருந்தாது.

பாட்டியின் அனுபவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இன்று உண்டு நாளை பேதியானால், எதனால் ஆனது என்று எவரும் கண்டுகொள்வர். இருபது ஆண்டுகள் கழித்து வரும் நோய்க்குக் காரணம் எது என்பதை ஒரு வீட்டு அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பலரை, பல ஆண்டுகள், கணக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

நன்றாக அலசிய சோறு குடலுக்கு நன்மை செய்யுமா? சிறு சோதனைகள் சில உள்ளன. இங்கிலாந்தில் பெருங்குடல் புண் நோய் உடைய 44 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2004-இல் வெளிவந்தது. 30 பேருக்குக் கற்றாழைச் சோற்றுச் சாறும் 14 பேருக்குப் போலிச் சாறும் நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். கற்றாழை உண்டவர்களில் 14 பேருக்கு ஓரளவேனும் பலன் தெரிந்தது; போலி உண்டவர்களில் 2 பேருக்குத்தான் தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவு; ஆனால் 44 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. எரிச்சல் மிகுந்த குடல் என்ற கோளாறுக்கு 2006-இல் வெளியான சோதனை பயன் எதையும் காட்டவில்லை. 2018-இல் மூன்று சோதனைகளை, மொத்தம் 151 பேரை, ஒருங்கே கணக்கிட்டபோது ஓரளவு பயன் தெரிந்தது. முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதே நேர்மையான விடை.

உங்கள் வயதில் வரும் சாதாரண மலச்சிக்கலுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. கீரையும் பழமும் உண்ணுங்கள், போதிய நீர் குடியுங்கள், ஓடி விளையாடுங்கள், பள்ளிக்கு நேரமாகிறது என்று மலத்தை அடக்காதீர்கள்.

தோலின் கதை

தோலுக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காலின்ஸ் என்ற பெயருடைய இரு மருத்துவர்கள், எக்ஸ் கதிர் பட்டு வெந்த தோலுக்குக் கற்றாழை மடலை இட்டுக் குணம் கண்டதாக எழுதினார்கள். அக்கால மருத்துவரிடம் அத்தகைய புண்ணுக்கு நல்ல மருந்து இல்லை. நாட்டு மருந்து என்று ஒதுக்காமல் அவர்கள் முயன்று பார்த்தது பாராட்டத் தக்கது. அதிலிருந்துதான் இத்துறையின் தற்கால ஆய்வுகள் பெருகின.

பின்னர் நடந்தவற்றைப் பாருங்கள். தீப்புண் பற்றிய நான்கு சோதனைகளை, மொத்தம் 371 நோயாளிகளை, 2007-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் ஒருங்கே ஆராய்ந்தனர். கற்றாழை இட்ட புண்கள் சராசரியாக ஒன்பது நாட்கள் முன்னதாகவே ஆறியிருந்தன. ஆனால் 1991-இல் அமெரிக்காவில், வயிற்று அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டுத் திறந்த நிலையிலேயே ஆற வேண்டியிருந்த புண்களில் கற்றாழைக் களிம்பு தடவியபோது, வழக்கமான சிகிச்சையில் 53 நாட்களில் ஆறிய புண் இதில் 83 நாட்கள் எடுத்துக்கொண்டது! லேசான தீப்புண்ணுக்கு உதவியது என்பதால் எல்லாப் புண்ணுக்கும் உதவும் என்று எண்ணியது தவறாயிற்று.

செதில் உதிரும் சொரியாசிஸ் நோயின் கதை இன்னும் வியப்பானது. 1996-இல் வெளியான சோதனை ஒன்றில், கற்றாழைக் களிம்பு பூசிய 30 பேரில் 25 பேர் குணமடைந்தனர். போலிக் களிம்பு பூசியவர்களிலோ 30 பேருக்கு 2 பேர்தான். இத்துடன் நிறுத்தியிருந்தால் கற்றாழை வென்றது என்று முழங்கியிருப்போம். 2005-இல் டென்மார்க்கில் மறுபடியும் சோதித்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் உடலின் ஒரு பக்கத்தில் கற்றாழை, மறுபக்கத்தில் போலிக் களிம்பு. எது எந்தப் பக்கம் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு என்ன தெரியுமா? கற்றாழை பூசிய இடங்களில் 72.5 விழுக்காடும், போலி பூசிய இடங்களில் 82.5 விழுக்காடும் முன்னேற்றம் கண்டன.

இரண்டு ஆய்வுகளும் பொய் என்று பொருளல்ல. களிம்பின் செய்முறை வேறு, நோயாளிகள் வேறு. ஆனால் ஒன்று தெளிவு. வறண்ட தோலில் ஈரப்பசையுள்ள எதைப் பூசினாலும் ஓரளவு மென்மை வரும். கற்றாழை பூசியதால் குணமானதா, ஏதோ ஒன்றைப் பூசியதால் குணமானதா என்பதை ஒப்பீடு இல்லாமல் சொல்லவே முடியாது. "நான் பூசினேன், பருக்கள் போயின" என்று விளம்பரத்தில் ஒருவர் கூறும்போது, பூசாமலிருந்தாலும் அவை போயிருக்குமா என்று உங்கள் மனம் கேட்க வேண்டும்.

கடைக் களிம்பின் நிறத்தையும் கவனியுங்கள். கற்றாழைச் சோற்றுக்கு நிறமே இல்லை என்பதை வெட்டிப் பார்த்தபோது கண்டோம். குழாயில் அடைத்த களிம்பு இலைப்பச்சையாக ஒளிர்ந்தால், அந்தப் பச்சை மடலின் சோற்றிலிருந்து வந்ததன்று. நிறமி சேர்த்து வந்தது.

இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் இருத்துங்கள். முதலாவது, தீப்புண்ணைப் பற்றியது. கை சுட்டுவிட்டால் கற்றாழையைத் தேடி ஓடாதீர்கள். மையோ பற்பசையோ மாவோ தடவாதீர்கள். உடனே குழாய் நீரில் சுட்ட இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். முதல் மருந்து குளிர்ந்த நீர்தான். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ, புண் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டாவது, பெயரைப் பற்றியது. இருப்புப்பாதை ஓரத்திலும் வேலிகளிலும் வளரும் ஆனைக் கற்றாழையும் 'கற்றாழை' என்றே அழைக்கப்படுகிறது. அது மெக்சிகோவிலிருந்து வந்த வேறொரு செடி. அதன் மடலில் நார் மிகுதி; வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து மடிந்துவிடும். அதன் சாற்றில் உள்ள ஊசி போன்ற படிகங்கள் தோலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகும். பெயர் ஒன்று என்று முகத்தில் பூசிவிடாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது

கற்றாழையைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வறண்ட நிலத்தில் குறைந்த நீரில் விளையும் பயிர் அது. உழவருக்கு வருவாய் தருவது. அதனாலேயே அதைப் பற்றி மெய்யைப் பேச வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு கற்றாழைச் சாற்றுப் புட்டியின் மேலும், சோற்றிலிருந்து எடுத்ததா, முழு மடலிலிருந்து எடுத்ததா, அலோயின் எவ்வளவு உள்ளது என்பவை தமிழில் அச்சிடப்பட வேண்டும். 'தூய்மையானது, இயற்கையானது' என்ற இரண்டு சொற்களால் இந்த மூன்று விவரங்களுக்கும் ஈடு செய்ய முடியாது. நச்சுப் பாம்பின் விடமும் தூய்மையானதுதான், இயற்கையானதுதான்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பெற்றோர் இசைவுடன், பெரியவர் ஒருவரை மடலை வெட்டித் தரச் சொல்லுங்கள். சோற்றை ஏழு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒன்றன்பின் ஒன்றாக அலசி, ஒவ்வொரு நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நிறம் தெரியாததால் அலோயின் அறவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கண் ஓர் அளவுக்கருவி அன்று.

பிறகு, நண்பர்கள் பத்துப் பேர் சேருங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது அலசிய சோற்றைத் தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ சிவப்போ தோன்றியவர் விலகிக்கொள்ளலாம். மற்றவர்கள் பனிக்காலத்தில் ஒரு முன்கையில் கற்றாழைச் சோறும், மறுகையில் தேங்காய் எண்ணெயும் இரண்டு வாரம் தடவி வாருங்கள். வலக்கையா இடக்கையா என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். இறுதி நாளில் இரு கைகளையும் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பின், எது எந்தக் கை என்று அறியாத ஒருவரை அழைத்து, எந்தக் கை மென்மையாக உள்ளது என்று கேளுங்கள். கிடைக்கும் விடை நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டாலும், அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.